மென்பொருள் காட்டிய முகத்தை மனிதர்கள் சரிபார்த்த பிறகும் அப்பாவிகள் எப்படிக் கைதாகிறார்கள்?

போலீஸ்காரர்கள் சரிபார்த்த பிறகுதானே கைது நடக்கிறது, அப்புறம் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் மென்பொருளைக் குறை சொல்லி என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சரிபார்ப்பு எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவருக்கு நேர்ந்ததைப் பாருங்கள்.

2018 அக்டோபரில் அங்கே ஒரு கடையில் சுமார் 3,800 டாலர் மதிப்புள்ள கைக்கடிகாரங்கள் திருடுபோயின. கேமராவில் பதிந்தது தொப்பி போட்ட ஒருவரின் மங்கலான உருவம். அதை மிச்சிகன் மாநிலப் போலீஸ் மென்பொருளில் போட்டுத் தேடியபோது, வந்த பட்டியலில் ஒன்பதாவது இடத்தில் வில்லியம்ஸின் காலாவதியான டிரைவிங் லைசென்ஸ் போட்டோ இருந்தது. இது வெறும் துப்பு, கைது செய்ய இது மட்டும் போதாது என்று அந்த அறிக்கையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

சரி, துப்பு கிடைத்தால் அந்த ஆள் அன்றைக்கு எங்கே இருந்தார் என்றுதானே முதலில் விசாரிக்க வேண்டும்? அதைச் செய்யவில்லை. அவருடைய போட்டோவை இன்னும் ஐந்து பேரின் போட்டோக்களோடு வைத்து, கடைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் திருட்டை நேரில் பார்த்தவரே அல்ல, அதே மங்கலான வீடியோவைப் பார்த்தவர். எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்பது இந்த இடத்தில்தான். ஏனென்றால் லட்சக்கணக்கான போட்டோக்களில் திருடனைப் போலவே தெரியும் ஒருவரை மென்பொருள் ஏற்கெனவே பொறுக்கி எடுத்துவிட்டது, அப்படிப்பட்ட போட்டோவை மற்ற ஐந்தோடு வைத்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் காட்டுவார்கள். மென்பொருள் செய்த தவறு அப்படியே திரும்பி வருகிறது, கோப்பில் மட்டும் சாட்சி அடையாளம் காட்டினார் என்று ஏறிவிடுகிறது.

2020 ஜனவரியில் மனைவியும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டு வாசலிலேயே அவருக்கு விலங்கு மாட்டினார்கள். விசாரணையில் வில்லியம்ஸ் திருடனின் படத்தைத் தன் முகத்தருகே பிடித்து, கறுப்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அதிகாரிகளுக்கே ஆள் மாறிவிட்டது புரிந்தும் உடனே விடவில்லை. மொத்தம் சுமார் 30 மணி நேரம் காவலில் கிடந்தார்.

இவ்வளவு ஆன பிறகாவது திருந்தினார்களா என்றால், 2023 பிப்ரவரியில் அதே டெட்ராய்ட் போலீஸ், கார் பறித்த வழக்கில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரைக் கைது செய்தது. அங்கேயும் இதே கதை, மென்பொருள் காட்டிய பழைய போட்டோ, பிறகு அதே ஆறு பட வரிசை. வயிறும் பிள்ளையுமாக நிற்பவரைப் பார்த்த பிறகாவது யோசித்திருக்க வேண்டாமா?

வில்லியம்ஸ் தொடுத்த வழக்கு 2024 ஜூனில் சமரசத்தில் முடிந்தது. 3 லட்சம் டாலர் கொடுத்தார்கள். மென்பொருள் காட்டியதை மட்டும் வைத்தோ, அதைத் தொடர்ந்து நேராகப் போட்டோ வரிசை காட்டியோ இனி கைது செய்யக் கூடாது, நடுவில் வேறு ஆதாரம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற விதியும் வந்தது. ஆனால் அது கட்டுப்படுத்துவது டெட்ராய்ட் போலீஸை மட்டும்தான்.