சூடானால் மேடு ஏறாத புல்வெட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. டெக்சாஸில் ஆஸ்டினுக்கு மேற்கே இருக்கிறோம். வீட்டைச் சுற்றி 3 ஏக்கர், பாதிக்கு மேல் சரிவு. போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஜீரோ டர்ன் மோவர் (உட்கார்ந்து ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் புல்வெட்டி) வாங்கினேன், மீட்டரில் 600 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. காலையில் எடுத்தால் நன்றாக ஓடுகிறது. முக்கால் மணி நேரம் வெட்டியதும் மேட்டில் இழுக்க மறுக்கிறது, வலது பக்கம் இன்னும் மோசம், கூடவே ஒரு கீச்சுச் சத்தம். ரிப்பேர் கடையில் இரண்டு டிரான்ஸ்மிஷனையும் மாற்றச் சொல்கிறார்கள், அவர்கள் கேட்கும் பணத்துக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். ஆயிலை மட்டும் மாற்றிப் பார்த்தால் சரியாகுமா? நானே செய்யலாமா?

பதில்: செய்யலாம், செய்யத்தான் வேண்டும். கடைக்குப் பணம் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். காலையில் நன்றாக ஓடுகிறது, சூடான பிறகுதான் சோர்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

இந்த வண்டியில் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே காரில் இருப்பது போல கியர் மாற்றும் பெட்டி கிடையாது. பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றுகிறது, பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது, அந்த அழுத்தத்தில் ஒரு ஹைட்ராலிக் மோட்டார் சுழன்று சக்கரத்தைத் திருப்புகிறது. வலதுக்கு ஒரு செட், இடதுக்கு ஒரு செட், இந்த ஒவ்வொரு செட்டையும்தான் டிரான்ஸ்மிஷன் என்கிறோம். நீங்கள் லீவரைத் தள்ளும்போது பம்புக்குள் இருக்கும் ஒரு சாய்வுத் தட்டின் கோணம்தான் மாறுகிறது, அதனால் பிஸ்டன்கள் தள்ளும் ஆயிலின் அளவும் திசையும் மாறுகின்றன. ஒரு லீவரை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினால் நின்ற இடத்திலேயே வண்டி சுற்றுவது இதனால்தான். ஆக, சக்தியைக் கடத்துவது ஆயில், பாகங்கள் தேயாமல் காப்பது ஆயில், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில். 600 மணி நேரம் நசுங்கிச் சூடேறிய ஆயில் கெட்டித்தன்மையை இழந்துவிடும். குளிர்ந்திருக்கும்போது சமாளிக்கும். சூடேறி இன்னும் நீர்த்ததும் பிஸ்டன் ஓரங்களில் உள்ளேயே கசிந்து வழிந்துவிடும், சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. சரிவில்தான் அழுத்தம் அதிகம் வேண்டும், அதனால் குறை முதலில் அங்கே தெரிகிறது.

ஆனால் ஆயிலைத் தொடுவதற்கு முன்னால் வண்டியின் அடியில் ஒரு முறை குனிந்து பாருங்கள். டிரான்ஸ்மிஷனை ஓட்டும் பெல்ட் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? பெல்ட் வழுக்கினாலும் இதே அறிகுறிதான் வரும், கீச்சுச் சத்தம் உட்பட. டிரான்ஸ்மிஷனின் தலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஃபேன் இருக்கும். அதில் ஒரு இறகு உடைந்திருந்தாலோ, கீழே இருக்கும் வரிவரியான அலுமினியப் பகுதியில் காய்ந்த புல் அப்பியிருந்தாலோ சூடு வெளியேறாது. வலது பக்கம் இன்னும் மோசம் என்கிறீர்கள், அந்தப் பக்கத்து ஃபேனை முதலில் பாருங்கள். அப்புறம் பைபாஸ் லீவர். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக இருக்கும் அந்த லீவர் முழுதாக மூடாமல் இருந்தாலும் ஒரு பக்கம் பலவீனமாகும். இதெல்லாம் சரியாக இருந்தால் ஆயிலுக்கு வரலாம்.

இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரை வைத்து ஆயில் தேடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது அடியில் இருக்கும் டிரான்ஸ்மிஷனின் பெயர். அமெரிக்காவில் விற்கும் ஜீரோ டர்ன் மோவர்களில் ஏராளமானவற்றுக்கு இல்லினாய் மாநிலத்தின் சல்லிவன் என்ற ஊரில் இருக்கும் ஹைட்ரோ-கியர் கம்பெனிதான் டிரான்ஸ்மிஷன் செய்து கொடுக்கிறது, மேலே என்ன நிறம், என்ன பெயர் இருந்தாலும் சரி. பெட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், துணியால் துடைத்தால் எழுத்து தெரியும். இசட்டி-2800, இசட்டி-3100, இசட்டி-3400 என்று இருந்தால் வெளியே ஃபில்டர் உண்டு, நீங்களே மாற்றலாம். இவற்றுக்கு முதல் ஆயில் மாற்றம் 75 முதல் 100 மணி நேரத்துக்குள், அதன் பின் 400 மணி நேரத்துக்கு ஒரு முறை. உங்கள் வண்டியின் பழைய சொந்தக்காரர் அந்த முதல் மாற்றத்தைச் செய்தாரா என்று கேட்டுப் பாருங்கள். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிரும் உலோகத் துகள் வெளியேறுவது அந்த முதல் மாற்றத்தில்தான், அதைத் தவறவிட்டவர்கள்தான் பின்னால் பெரிய செலவுக்கு வருகிறார்கள்.

இந்த மாடல்களுக்கு ஹைட்ரோ-கியர் சொல்வது 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் (அந்த எண் கெட்டித்தன்மையைக் குறிக்கும்), ஏபிஐ எஸ்எல் தரம் (ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் தரக் குறி). ஹைட்ராலிக் பெட்டிக்கு எதற்கு எஞ்சின் ஆயில் என்று தோன்றும். சூட்டிலும் மெலிந்து போகாத கெட்டித்தன்மையும் தேய்மானத்தைத் தடுக்கும் ரசாயனங்களும் அதில் இருப்பதுதான் காரணம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 5 அல்லது 6 குவார்ட் வாங்கி வையுங்கள், பக்கத்துக்கு 2 குவார்ட் போலப் பிடிக்கும். ஃபில்டர் மட்டும் அந்த டிரான்ஸ்மிஷனுக்கென்றே விற்பதாக இருக்கட்டும். கார் ஃபில்டரின் திருகு பொருந்துகிறது என்பதற்காக அதைப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் அமைப்பு வேறு.

இனி வேலை. சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, சாவியை எடுத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும், ஆனால் அப்போதுதான் வெட்டி முடித்த கொதிக்கிற வண்டியில் கை வைக்க வேண்டாம். பின்பக்கத்தைத் தூக்குவதென்றால் ஜாக்கோடு நிறுத்தாமல் இரண்டு ஸ்டாண்ட் கொடுத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் போகவே கூடாது.

அடுத்து சுத்தம். ஃபில்டரைச் சுற்றியும் மேலே ஆயில் ஊற்றும் இடத்தைச் சுற்றியும் ஒரு துளி மண், ஒரு துரும்பு புல் இல்லாமல் பிரஷ் போட்டுத் துடையுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகமிகக் குறைவு, அதில் ஒரு மணல் துகள் போனால் கோடு விழுந்துவிடும், அந்தக் கோடு வழியாக அழுத்தம் கசியும், அதற்கு எந்த ஆயிலும் மருந்து கிடையாது.

ஃபில்டரின் மேல் ஒரு காவல் தகடு 3 ஸ்குரூவில் நிற்கும். அதைக் கழற்றி, அகலமான தட்டைக் கீழே வைத்து ஃபில்டரைக் கழற்றுங்கள். தனியாக வடிகால் அடைப்பான் தேடாதீர்கள், ஃபில்டர் இருந்த வாய் வழியாகத்தான் ஆயில் இறங்கும். இரண்டு பக்கமும் பொறுமையாக வடியட்டும். வடிந்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்திருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அழுத்தத் தண்ணீர் அடித்து வண்டியைக் கழுவுகிறவர்களிடம் இது அடிக்கடி வரும். லேசான சாம்பல் நிறப் பொடி சகஜம். கண்ணுக்குத் தெரிகிற உலோகச் செதில்கள் மினுங்கினால் அந்தப் பக்கம் உள்ளே சேதம் இருக்கிறது என்று அர்த்தம், அப்போது கடைக்காரர் சொன்னது அந்தப் பக்கத்துக்காவது சரியாக இருக்கலாம்.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று, மிஞ்சினால் ஒரு முழுச் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டியதில்லை. காவல் தகட்டை மறக்காமல் மாட்டுங்கள். பிறகு இரண்டு டிரான்ஸ்மிஷனிலும் மேலே இருக்கும் அடைப்பானைக் கழற்றிவிட்டு ஆயிலை ஊற்றுங்கள், மெதுவாக. அந்தத் துளையின் அடி விளிம்பில் ஆயில் தலைகாட்டியதும் அந்தப் பக்கத்தை நிறுத்தி அடைப்பானைப் போட்டு மூடுங்கள். தனியாக ஆயில் டப்பா இருக்கும் வண்டியென்றால் அதில் குளிர்ந்த நிலைக்கான கோடு வரைதான். சூடானால் ஆயில் விரியும், வாய் வரை நிரப்பினால் வழியும்.

கடைசிக் கட்டத்தைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்: காற்றை வெளியேற்றுவது. ஊரில் கிணற்று பம்ப்செட்டில் காற்று பிடித்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. இங்கேயும் அதேதான். காற்றை அழுத்தினால் சுருங்கும், ஆயில் சுருங்காது, அதனால் உள்ளே காற்று இருக்கும்வரை வண்டி இழுக்காது, இரையும், சூடேறும். ஆயில் மாற்றினேன், முன்னைவிட மோசமாகிவிட்டது என்று எழுதுகிறவர்களில் நிறையப் பேர் இங்கேதான் நின்றுபோயிருக்கிறார்கள்.

முதலில் பைபாஸ் லீவர்களைத் திறந்து வையுங்கள். பிளக் வயரை மாட்டி, சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு, பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிட்டு, இரண்டு லீவரையும் நிதானமாக முன்னாலும் பின்னாலும் 5, 6 முறை நகர்த்துங்கள். எஞ்சினை அணைத்து பைபாஸை மூடி, மறுபடி எஞ்சினை ஓடவிட்டு அதே 5, 6 முறை. சக்கரங்கள் தரையைத் தொடாமல் செய்வது நல்லது என்பார்கள். ஆனால் நீங்கள் சீட்டில் இருக்க வேண்டும், ஸ்டாண்டின் மேல் உங்கள் எடையோடு வண்டி அசையாமல் நிற்கும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி இல்லையென்றால் வண்டியை இறக்கிவிட்டு, பிள்ளைகளும் நாயும் இல்லாத திறந்த சமதரையில், பிளேடு ஓடாமல், ஆமை வேகத்தில் செய்யுங்கள். சீட்டில் ஆள் இல்லாவிட்டால் எஞ்சின் அணைகிறதே என்று சீட் சுவிட்சின் வயரை இணைத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், பைபாஸ் மூடியிருக்கும்போது கை தவறி லீவர் நகர்ந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும்.

பிறகு ஆயில் அளவைப் பாருங்கள், இறங்கியிருக்கும். ஊற்றி நிரப்பி மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். சத்தம் வழக்கமான நிலைக்கு வந்து, இரண்டு திசையிலும் வண்டி வெட்டுவெட்டென்று இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்தபிறகும் சூட்டில் வலது பக்கம் மட்டும் சோர்ந்தால் அந்தப் பக்கத்துப் பம்ப் உள்ளே தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒரு பக்கத்தை மட்டும் மாற்ற எவ்வளவு என்று கேளுங்கள், நல்ல பக்கத்தை எதற்குக் கழற்றுவது?

கேள்வி: என் வண்டியில் இருப்பது இசட்டி-2200 டிரான்ஸ்மிஷன். ஃபில்டரும் இல்லை, வடிகாலும் இல்லை. ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று வாங்கும்போது சொன்னார்கள். அப்படியே விட்டுவிடலாமா? (வட கரோலினா வாசகி)

பதில்: சமதரையில் அரை ஏக்கர், வாரம் ஒரு முறை என்றால் விட்டுவிடுங்கள் அம்மா, அந்தப் பெட்டி அப்படிப்பட்ட வீடுகளுக்காகச் செய்ததுதான். சரிவில், வெயிலில், மணிக்கணக்காக ஓட்டுகிறீர்கள் என்றால் நான் விடமாட்டேன். ஆயில் எந்தப் பெட்டியில் இருந்தாலும் கெடத்தான் செய்யும். ஆனால் வேலை பெரிது: பெல்ட்டையும் சக்கரத்தையும் கழற்றி, டிரான்ஸ்மிஷனை வண்டியிலிருந்து இறக்கி, மேல் துளை வழியாகத் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் வடிக்க வேண்டும். பழகிய மெக்கானிக்கிடம் குளிர்காலத்தில் கொடுங்கள், அவருக்கும் அப்போது வேலை குறைவு. அடியில் துளை போட்டு வடிகால் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், துளையிடும்போது உதிரும் அலுமினியத் தூள் உள்ளே தங்கிவிட்டால் அதோடு பெட்டி முடிந்தது.

கேள்வி: கையில் ஆட்டோமேட்டிக் காருக்கான ஏடிஎஃப் ஆயில் மீதி இருக்கிறது. ஊற்றலாமா? (ஜார்ஜியா வாசகர்)

பதில்: 20டபிள்யூ-50 கேட்கும் பெட்டிக்கு வேண்டாம். ஏடிஎஃப் அதைவிட மிக மெல்லியது, சூட்டில் என்ன ஆகும் என்று மேலே எழுதியதைப் படியுங்கள். எல்லா வண்டிக்கும் 20டபிள்யூ-50 என்றும் நினைக்க வேண்டாம். டோரோவின் பெரிய வண்டிகளுக்கு ஹைப்பர்-ஆயில் 500 என்று அவர்களுடைய சொந்த ஆயில், குபோட்டாவின் பல வண்டிகளுக்கு அவர்களுடைய யூடிடி ஆயில். கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது. இரண்டு வகையைக் கலக்கவும் வேண்டாம்.

கேள்வி: வடித்த பழைய ஆயிலை வேலியோரம் களைச்செடி மேல் ஊற்றலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியா? (டெக்சாஸ் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. ஒரு முறை மாற்றும்போது வரும் பழைய ஆயில் 10 லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது, உங்கள் பகுதியில் பல வீடுகளுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். புது ஆயில் வந்த காலி டப்பாக்களிலேயே பழையதை ஊற்றி மூடி, ஆட்டோஜோன், ஓ'ரைலி மாதிரி உதிரிபாகக் கடைக்குக் கொண்டுபோங்கள், பெரும்பாலான கிளைகளில் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். அதில் பெட்ரோலோ கூலன்டோ கலந்துவிட்டால் வாங்கமாட்டார்கள், அதனால் தனியாக வையுங்கள். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து நன்றாக வடியவிட்டு அதையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், பல கடைகளில் அதையும் எடுக்கிறார்கள்.