மிக்ஸியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால்...

நெதர்லாந்தில் இருக்கும் என் மகள், பழுதான டேபிள் லாம்ப்பை ஏதோ ‘ரிப்பேர் கஃபே’வுக்கு எடுத்துப் போனாளாம். கூலியே வாங்கவில்லை என்கிறாள். நம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

தாராளமாக நம்பலாம். அது பிறந்த நாடே அதுதான். 2009 அக்டோபரில் மார்டீன் போஸ்ட்மா என்ற பெண் பத்திரிகையாளர் ஆம்ஸ்டர்டாமில் முதல் கூட்டத்தை நடத்தினார். ஒரு கூடம், சில மேஜைகள், கருவிகள், குடிக்கக் காபி, கைவேலை தெரிந்த தன்னார்வலர்கள், அவ்வளவுதான். இன்று பல நாடுகளில் நடக்கிறது. கூலி கிடையாது, உதிரிப் பாகம் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் நாம் காசு கொடுக்க வேண்டும். ஆனால் பொருளைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட முடியாது. பக்கத்திலேயே உட்கார வேண்டும், முடிந்தால் ஸ்க்ரூ டிரைவரை நாமே பிடிக்க வேண்டும். இலவசம் என்பதைவிட எனக்குப் பிடித்தது இதுதான்.

நம் பக்கம் இதெல்லாம் வருமா?
– வாசகர், ஓசூர்

உங்களுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. 2015-இல் அந்தரா முகர்ஜி, பூர்ணா சர்க்கார் என்ற இரு பெண்கள் பெங்களூரில் தொடங்கினார்கள். மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று, அதாவது வாங்கிய பொருளைத் தூக்கிப் போடாமல் சரிசெய்துகொள்ளும் உரிமைக்கென்று, ஓர் இணையதளம் திறந்தது. செல்போன், வீட்டுச் சாதனம், வண்டி, விவசாயக் கருவி என நான்கு துறைகளுக்கு.

இப்படி இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் தெருமுனையில் மிக்ஸி ரிப்பேர் செய்கிறவர் பிழைப்பு என்னாவது?
– வாசகர், மதுரை

நல்ல கேள்வி, நானும் யோசித்தேன். அவர் பிழைப்பில் மண்ணைப் போடுவது சொல்லிக்கொடுப்பவர்கள் இல்லை, “இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடுங்க சார்” என்கிற வார்த்தைதான். போன வருடம் ஒரு கடையில் என் மிக்ஸிக்கும் இதே தீர்ப்புதான். தெருமுனைக்காரரிடம் கொண்டுபோனேன், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்திருந்தது, அதைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. உங்கள் ஊரில் பயிற்சி நடத்தினால் முதல் ஆசிரியராக அவரையே கூப்பிடுங்கள். அவர் நேரத்துக்குக் காசும் கொடுங்கள், தன்னார்வம் என்ற பெயரில் அன்றாடங்காய்ச்சியின் ஒரு நாள் கூலியைப் பிடுங்கக் கூடாது.

எங்கள் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்த ஆசை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
– வாசகி, தாம்பரம்

எல்லார் வீட்டிலும் இருப்பதிலிருந்து. மிக்ஸி திடீரென நின்றால் பாதிப் பேர் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில், அதிகச் சுமை ஏறினால் தானாகவே நிறுத்திவிடும் ஒரு பொத்தான் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறவிட்டு, அதை அழுத்தினால் பல நேரம் ஓடிவிடும். மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளரைப் பாருங்கள். உள்ளே பொறி பறந்தால், மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்னப் பாகத்தின் மேல். பழையதில் என்ன எண் அச்சடித்திருக்கிறதோ (பல ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட்) அதே எண்ணில்தான் வாங்க வேண்டும். கழற்றுவதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள், விஷயம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கெப்பாசிட்டரில் கரன்ட் தங்கியிருக்கும்.

குக்கர் கேஸ்கட் மாற்றுவது, பட்டன் தைப்பது, ஜிப் சரிசெய்வது, இதையெல்லாம் குழந்தைகளிடம் விடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பைக் கூட்டத்துக்குள் விடவே விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் உள்ளே தேங்கியிருக்கும், அது தொழில் தெரிந்தவர் வேலை.

அப்புறம், வந்ததெல்லாம் சரியாகாது. சரியாகாததையும் ஏன் செத்தது என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

என் கணவர் எதையும் கழற்றிவிடுவார், திரும்ப மாட்டும்போது நாலு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும்!
– வாசகி, நாகர்கோவில்

ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். காலி முட்டை அட்டை ஒன்றும் கொடுங்கள், கழற்றிய வரிசையில் குழிக்கு ஒரு ஸ்க்ரூ. அதற்கப்புறமும் நாலு மிச்சமிருந்தால் அந்தச் சாதனத்தின் பிளக்கைச் சொருக விடாதீர்கள்.