மனைவிக்கு ஆங்கிலம் வராது, விசா நேர்காணலில் அவருக்கும் சேர்த்து நானே பதில் சொல்லலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: மகனைப் பார்க்க அமெரிக்கா போவதற்குக் கணவனும் மனைவியுமாக விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். சென்னையில் நேர்காணல். மனைவிக்கு ஆங்கிலம் வராது. "வீட்டிலேயே இருந்தவள், பயந்துவிடுவாள், அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

பேசாதீர்கள் சார்.

இதோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தப் "பயந்துவிடுவாள்" என்பதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டிலும் ஒருத்தியைப் பற்றி இதையேதான் சொன்னார்கள்.

என் ஓரகத்தியும் மூத்தாரும் எங்களுக்கு முன்பே விண்ணப்பித்தவர்கள். பஸ் ஏறும்போதே மூத்தார், "நீ வாயைத் திறக்காதே, ஏதாவது கேட்டால் என்னைப் பார்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். அங்கே அதிகாரி ஓரகத்தியைப் பார்த்துக் கேட்டதற்கும் இவரே பதில் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் இல்லை என்றாகி, 214(பி) என்று அச்சடித்த தாளோடு பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கும்பகோணம் வந்து சேர்வதற்குள் பழி ஓரகத்தி தலையில் விழுந்தாயிற்று. "இவ முழிச்ச முழியிலதான் போச்சு." இன்றைக்கும் ஏதாவது கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் அந்தக் கதை ஓடும். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே பந்தியில் பரிமாறுவார்.

உடனே "மூத்தார் பேசியதால்தான் விசா போயிற்று என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 214(பி) என்பது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு. விசிட்டர் விசா கேட்டு வருகிற எவரையும், அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் அந்தச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை, திரும்பி வருவேன் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படும்படி காட்டவேண்டியது நம் பொறுப்பு. வேலைக்காகப் போகிற எச்1பி, எல் விசாக்காரர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு, நமக்குக் கிடையாது. திருப்தி இல்லை என்றால் அந்தப் பிரிவு அச்சடித்த தாள் வரும், அவ்வளவுதான். எந்தப் பதில் பிடிக்கவில்லை, யார் முழித்தது பிடிக்கவில்லை என்று அதில் எழுதியிருக்காது. மேல்முறையீடும் இல்லை. மறுபடி பணம் கட்டி, மறுபடி வரிசையில் நிற்கலாம். காரணம் சொல்லாத இடத்தில் ஊருக்கு ஒரு காரணம் முளைக்கும், எங்கள் வீட்டில் முளைத்தது ஓரகத்தியின் முழி. நான் சொல்வது இவ்வளவுதான்: பேசவே விடாத ஒருத்தியின் மேல் பழியைப் போட்டார்கள்.

நான் தபால் அலுவலகத்தில் சேமிப்பு கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைப் பார்ப்பார் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஜாயின்ட் அக்கவுன்ட்டில் பணம் எடுக்கக் கணவனும் மனைவியுமாக வருவார்கள். "இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்று அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்பேன். "ஆமாம் மேடம், அவ போட்டதுதான்" என்று அவர் சொல்வார். அந்த நொடியில்தான் எனக்குச் சந்தேகமே வரும். அதுவரை சும்மா கடமைக்குக் கேட்ட கேள்வி, அப்புறம் நிஜமான கேள்வியாகிவிடும். அந்த அம்மாள் "நான்தான் போட்டேன், பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்" என்று சொல்லிவிட்டால் முத்திரை குத்தி அனுப்பிவிடுவேன்.

தூதரக அதிகாரிக்கும் ஒரு ஜோடிக்கு ஒதுக்க முடிவது சில நிமிடங்கள்தான். ஜன்னல் ஒன்று என்பதால் விண்ணப்பம் ஒன்றாகிவிடாது. ஆளுக்கு ஒரு டிஎஸ்-160 என்கிற விசா விண்ணப்பப் படிவம், ஆளுக்கு ஒரு கட்டணம் (2023 ஜூனிலிருந்து 185 டாலர், மறுத்தால் திரும்பி வராது), ஆளுக்கு ஒரு முடிவு. ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்கவும் செய்யலாம். சேர்ந்தே போங்கள், அதில் தப்பில்லை. நேரம் பதிவு செய்யும்போது இருவரையும் ஒரே கணக்கில் குடும்பமாகச் சேர்த்துவிட்டால் ஒரே நாள், ஒரே நேரம் கிடைக்கும், ஒரே ஜன்னலுக்குக் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மகளுக்கு டல்லாஸ் பக்கம் இர்விங்கில் வேலை, எச்1பி. முதல் பிரசவம். என் வீட்டுக்காரருக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை. படிவம் நிரப்ப பிரவுசிங் சென்டர் பையனிடம் போனோம். நல்ல வேகக்காரன். அவனுடைய வேகம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் "இதை நிரப்ப யாராவது உதவினார்களா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. அவன் இல்லை என்று தட்டினான். "தம்பி, நீதானே அடிக்கிறே?" என்றேன். "எல்லாருக்கும் இப்படித்தான் ஆன்ட்டி போடுவேன்." ஆமாம் என்று மாற்றச் சொல்லி, உட்கார்ந்து முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளைக் கேட்கிற இடத்தில் எனக்கு ஒன்றுமில்லை என்று போட்டிருந்தான். மார்கழிக் கோலம் போட்டுப் படம் போடுவதற்கென்றே நான் ஃபேஸ்புக் வைத்திருக்கிறேன். இவரைக் கேட்டிருக்கிறான், இவர் "அவளுக்கு அதெல்லாம் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். எழுதிக்கொடுத்த பதில்களுக்குக் கீழே கையெழுத்துப் பொறுப்பு நம்முடையது. அதனால் உங்கள் மனைவியின் படிவத்தை நீங்கள் உங்கள் ஊகத்தில் நிரப்பியிருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, இருபது நிமிடம் சும்மா விட்டால் அந்தப் பக்கம் காலாவதியாகிவிடும். விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது சேமியுங்கள். எங்கள் ஊர் கரண்ட்டை நம்ப முடியாது.

நேர்காணலுக்கு முன்னால் கைரேகையும் புகைப்படமும் எடுக்க வேறொரு மையத்துக்குப் போகவேண்டும். அங்கே இவருடைய ரேகை பதியவில்லை. பித்தளையும் புளியும் தேய்த்துத் தேய்த்து விரல் வழவழவென்று ஆகியிருந்தது. அந்தப் பெண் துடைத்துப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். பென்ஷன்காரத் தாத்தாக்களுக்கு நான் கவுன்ட்டரில் சொல்வதைத்தான் இவருக்கும் சொன்னேன்: "என்னங்க, விரலை நெத்தியில ரெண்டு தேய் தேயுங்க." நெற்றியில் இருக்கிற லேசான எண்ணெய்ப் பிசுக்குப் பட்டதும் பதிந்துவிட்டது. உங்களுக்கும் வயதாகியிருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணல் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய கட்டடத்தில். செல்போன் உள்ளே விடமாட்டார்கள், பெரிய பையும் கூடாது. இவர் கொண்டுவந்த ஃபைலைச் சொல்லவேண்டும்: வீட்டுப் பத்திரம், சிட்டா, பேங்க் பேலன்ஸ் சர்டிபிகேட், வருமான வரிக் கணக்கு, ஆடிட்டர் கடிதம், எங்கள் கல்யாணப் பத்திரிகைகூட. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும் என்ற சட்டமே 2009-ல் வந்தது. நாங்கள் அதற்கு ரொம்ப முந்தி. சர்டிபிகேட் இல்லையே என்று இவருக்குக் கவலை. அந்த ஃபைலின் நாடாவைக்கூட யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. (எச்1பிக்காரரின் கணவன் அல்லது மனைவியாக எச்4 விசாவுக்குப் போகிற புதுஜோடிகள் இதைப் படித்துவிட்டுச் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கே கல்யாணம் நிஜமா என்பதே கேள்வி. சான்றிதழ், ஆல்பம் எல்லாம் வேண்டும்.)

ஜன்னல் முன்னால் நின்றபடிதான் பேசவேண்டும். மைக் வழியாகப் பேச்சு வரும், பக்கத்து ஜன்னல்காரர் கதையும் சேர்ந்து காதில் விழும். தமிழில் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டோம். சென்னையில் அது சாதாரணம். தமிழ் தெரிந்த அதிகாரி இருப்பார், இல்லாவிட்டால் மொழிபெயர்க்க ஆள் வருவார். எனக்கு ஆங்கிலம் தெரியும், ஆனாலும் தமிழ்தான் கேட்டேன். எந்த மொழியில் பேசினால் உளறாமல் இருப்போமோ அதுதான் நல்ல மொழி.

எங்களுக்கு வாய்த்தது ஒரு வெள்ளைக்கார இளைஞர். தமிழை எழுத்து எழுத்தாக உச்சரித்தார். முதலில் இவரிடம், "உங்கள் மகள் எங்கே இருக்கிறார்?"

"அமெரிக்காவுல சார்."

பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். "டெக்சாஸ், இர்விங்" என்றேன். "ஏன் போகிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார். இவர் உடனே, "சும்மா சுத்திப் பாக்க சார்" என்று ஆரம்பித்தார். ஏஜென்ட் ஒருவர் ஓதி அனுப்பிய பாடம் அது, பிரசவம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்று. அதிகாரி உள்ளங்கையை லேசாக உயர்த்தினார். "அவர்கள் சொல்லட்டும்."

"மகளுக்கு முதல் பிரசவம். கூட இருக்கப் போறேன். நாலு மாசம். இவர் ரெண்டு மாசத்துல திரும்பிடுவார், கடையைப் பார்க்கணும்" என்றேன். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். தபால் அலுவலகம், இப்போது பென்ஷன் என்றேன். யார் செலவு என்றார். டிக்கெட் எங்கள் பணம், அங்கே மகள் வீடு என்றேன். கொஞ்சம் தட்டச்சு செய்தார். பாஸ்போர்ட் இரண்டையும் தன் பக்கமே வைத்துக்கொண்டு, "உங்கள் விசா அங்கீகரிக்கப்பட்டது" என்றார். பாஸ்போர்ட் அவர்களிடம் நின்றுவிட்டால் பெரும்பாலும் நல்ல சேதி என்று அர்த்தம். பிறகு விசா ஒட்டி வந்து சேரும்.

அதிர்ஷ்டம் என்பீர்கள். இருக்கலாம். என் நாத்தனார் ஐதராபாத் பக்கம் சில்கூர் பாலாஜிக்கு வேண்டிக்கொண்டு 11 சுற்று சுற்றியதால் என்றுதான் இப்போதும் சொல்கிறார். வேண்டுதல் பலித்தால் 108 சுற்று சுற்றவேண்டுமாம், அதை நான் போய்ச் சுற்றவேண்டுமாம். உண்மையைச் சொன்னால் எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஏஜென்ட் சொன்ன பொய்யை இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்க எங்களால் முடிந்திருக்காது, அது மட்டும் நிச்சயம்.

கேட்காத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். அந்தப் படிவத்தில் என்னை அழவைத்தது பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு சர்வீஸ் புத்தகத்தில் இவர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இவருடைய முழுப்பெயர். வேறு பெயர்கள் உண்டா என்று படிவம் கேட்கிறது, நான் குற்றவாளி மாதிரி வரிசையாக எழுதிக்கொடுத்தேன். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்ட எதிர்வீட்டுப் பெண்ணுக்கு விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்ற அர்த்தத்தில் எஃப்என்யூ என்று அடித்து வந்தது. என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து ஒரே பெயர். பென்ஷன் பேப்பரில், கேஸ் கனெக்ஷனில், ஆதாரில் என்று ஒவ்வொரு இடத்திலும் நான் நான்தான் என்று அஃபிடவிட் எழுதிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். இதையெல்லாம் செய்து முடித்தவளைப் பார்த்து, ஜன்னலில் நாலு வார்த்தை பேச வராது என்று சொல்லுவார்களா?

சரி, உங்கள் விஷயம். இன்று இரவே உங்கள் மனைவியின் படிவத்தைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவர் சொல்வார், புதுப் படிவம் நிரப்பி அதன் எண்ணை நேர்காணல் பதிவில் மாற்றிக்கொள்ளுங்கள். தமிழில் நேர்காணல் வேண்டும் என்று இருவருமே சொல்லுங்கள். நீங்கள் ஆங்கிலத்திலும் அவர் தமிழிலும் என்று பிரித்துக்கொண்டால் நீங்கள்தான் மறுபடி மொழிபெயர்க்க ஆரம்பிப்பீர்கள். மகன் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை படுக்கையறை வீடு என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், தினமும் வாட்ஸ்அப்பில் பேசுவது அவர்தானே. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.