தண்டையார்பேட்டைத் தந்தைக்கு: மகள் பார்ப்பது வீண்வேலை இல்லை

ஐயா, வணக்கம்.

கூடப் படிக்கும் பிள்ளைகள் ஆப், வெப்சைட் என்று செய்து காட்டுகிறார்கள். உங்கள் மகளோ கறுப்புத் திரையில் ‘பாஸ்’, ‘ஃபெயில்’ என்று ஓடும் வரிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். எப்படி என்பதையும் சொல்கிறேன்.

நாம் எழுதும் நிரலை பிராசசருக்கான கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். அது ஒழுங்காக மாற்றுகிறதா என்று பார்க்க ஜிசிசி போன்ற கம்பைலர்களுடன் ஆயிரக்கணக்கான சோதனை நிரல்கள் வருகின்றன. லேப்டாப்பில் தேறும் சோதனை வேறு பிராசசரில் தோற்கும். அதை ஆராய்வதுதான் அவள் வேலை.

சி மொழியில் ‘கேர்’ (char) என்ற வகை மாறியில், அதாவது மதிப்பை வைக்கும் சிறு இடத்தில், -1 என்று போட்டு, அது பூஜ்யத்தைவிடச் சிறியதா என்று கேட்டால், இன்டெல் பிராசசர் லேப்டாப் ‘ஆம்’ என்கிறது. ஆர்ம் என்ற வேறு வகைப் பிராசசர் கொண்ட, லினக்ஸ் ஓடும் சிறு கணினிப் பலகையில் அந்த மாறி மைனஸ் எண்ணை ஏற்காது, 255 ஆகிவிடும், பதில் ‘இல்லை’. இரண்டு கம்பைலர்களும் சரிதான், ஏனென்றால் ‘கேர்’ மைனஸ் எண்ணை ஏற்குமா என்பதைச் சி மொழியின் விதி கம்பைலரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. இங்கே திருத்த வேண்டியது சோதனையை. இன்னொரு நாள் இதே போன்ற தோல்விக்குக் கம்பைலரின் நிஜமான பிழையே காரணமாக இருக்கும். ‘இந்தப் பிராசசரில் ஓட்டாதே’ என்று சோதனைக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் ‘ஃபெயில்’ மறைந்துவிடும். பிழையும் உள்ளேயே புதைந்துவிடும். அந்த வரியைப் போடுவதற்கு முன் காரணத்தைத் தோண்டிப் பார்க்கிற பொறுமைக்குத்தான் சிப் நிறுவனங்கள் சம்பளம் தருகின்றன.

நகையை அடகு வைத்து ‘சாஃப்ட்வேர் டெஸ்டிங்’ கோர்ஸில் சேர்க்கலாமா என்றீர்கள். தயவுசெய்து வேண்டாம். அத்தகைய கோர்ஸ்களில் பெரும்பாலும் கற்றுத்தருவது வெப்சைட், ஆப் சோதனை. இவள் பாதை வேறு. விலையுயர்ந்த கருவிகளும் தேவையில்லை. வேறு பிராசசர்களைப் போல நடந்துகொள்ளும் கியூஎமு என்ற இலவச மென்பொருள் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். வேகத்தை அளப்பதற்கு மட்டும் அதை நம்பக் கூடாது. அதற்கு நிஜப் பலகைதான் வேண்டும்.

கசப்பான பக்கத்தையும் மறைக்க மாட்டேன். இந்த வேலைக்குக் கேம்பஸில் வரிசையாக ஆள் எடுக்க மாட்டார்கள். வாய்ப்புகளில் பெரும்பகுதி பெங்களூரு, ஐதராபாத்தில் இருக்கிறது. மகளை வெளியூர் அனுப்பத் தயக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அதை இப்போதே அவளுடன் உட்கார்ந்து பேசிவிடுங்கள். சென்னையிலேயே இருக்க வேண்டுமென்றால் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்வது நல்ல வழி. அதன் கணினி அறிவியல் தாளில் கம்பைலர் பாடமும் உண்டு. யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் என்ற பிராசசர் கட்டளைத் தொகுதியில் ‘சக்தி’ பிராசசர்களை உருவாக்கியது நம் ஐஐடி மெட்ராஸ்தான். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஐஐடிக்குப் பக்கமுள்ள கிண்டி வரை ஒரே ரயில்.

மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அவள் திருத்திய ஒரு சோதனையாவது ஜிசிசியிலோ எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் திட்டத்திலோ ஏற்கப்பட வேண்டும். எந்தப் பிராசசரில், ஏன் தோற்றது, எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அரைப்பக்கம் எழுதி பயோடேட்டாவோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துத் திருத்தித் தருகிறேன்.