மகள் சொராரிட்டியில் சேர வேண்டும் என்கிறாளா? என்னென்ன விசாரிக்க வேண்டும்

டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் 'ரஷ்' என்கிற சேர்க்கைச் சுற்றுக்குப் போகப்போகிறேன், சொராரிட்டி என்கிற மாணவியர் சங்கத்தில் சேரப்போகிறேன் என்று நிற்கிறாள். கணவர் 1999-ல் எம்.எஸ். படிக்க வந்தவர். அவர் தங்கியிருந்த அபார்ட்மென்டுக்கு எதிரே ஒரு ஃபிரட்டர்னிட்டி, அதாவது ஆண்கள் சங்கத்தின் வீடு. சனிக்கிழமை காலையில் அதன் புல்தரை முழுக்க பியர் கேன் கிடந்ததை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஆனால் அவளோடு பள்ளியில் படித்த பெண்களின் அம்மாக்கள், தங்கள் வாழ்க்கையிலேயே இனிமையான காலம் அதுதான் என்கிறார்கள். யார் சொல்வது நிஜம்? இப்போது எப்படி இருக்கிறது? சேர விடலாமா? எவ்வளவு செலவாகும்? அவள் சைவம் வேறு."

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். அவரவர் பார்த்த காலத்தைச் சொல்கிறார்கள். நான் 18 வருடமாக இங்கே பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் இந்தச் சங்கங்களோடுதான் போயிருக்கிறது. பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் பெண் சேரப்போவது 'கிரீக் லைஃப்' என்கிற பொதுவான ஒன்றில் இல்லை. ஒரு குறிப்பிட்ட வீட்டில், குறிப்பிட்ட சில நூறு பெண்களோடு. கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கும்போது ஊரைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு விட்டுவிடுவோமா? குடும்பத்தை விசாரிப்போம் இல்லையா? அதே மாதிரிதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிரட்டர்னிட்டி ஆண்களுக்கு, சொராரிட்டி பெண்களுக்கு. கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட தனியார் மாணவர் சங்கங்கள். மேலே ஒரு தேசியத் தலைமை, கல்லூரிக்கு ஒரு 'சாப்டர்' என்கிற கிளை, பல இடங்களில் சொந்த வீடு. கிரேக்க எழுத்துப் பெயரோடு முதல் சங்கம் 1776-ல் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் வந்தது. சேர்ந்து பழகுவதற்கென்றே ஏற்பட்டவை 1825 முதல் யூனியன் கல்லூரியில் தொடங்கின. பெண்களுடையது வேறு கதை. 1870-ல் இண்டியானாவில் கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கிய பெண்கள், தங்களை வேண்டாவெறுப்பாகச் சேர்த்துக்கொண்ட ஓர் ஆண்கள் கல்லூரியில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கத்தான் கூடினார்கள். அந்தத் துணைதான் இன்றைக்கும் இதில் உருப்படியான விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

சில வருடங்களுக்கு முன் பழைய மாணவியர் கூடும் நாளில், 1962-ல் பட்டம் வாங்கிய ஒரு பாட்டி தன் சொராரிட்டி வீட்டை எனக்குச் சுற்றிக் காட்டினார். மாடிப்படிக்குக் கீழே சுவரில் ஒரு மாடம், நம் ஊரில் விளக்கு வைப்போமே அந்த அளவுக்கு. வீட்டுக்கே இருந்த ஒற்றை டெலிபோன் அதில்தான் இருந்ததாம். பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். எங்கே போகிறாய், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்பினாய் என்று அதில் மூன்று பத்தி. வார நாட்களில் பத்தரை மணிக்கு, வீட்டைக் கவனித்துக்கொள்ளும் 'ஹவுஸ் மதர்' கதவைப் பூட்டிவிடுவார். ஒரு பெண்ணுக்கு அவள் காதலன் தன் ஃபிரட்டர்னிட்டி 'பின்'னை, அதாவது சங்கத்தின் சட்டை ஊசிச் சின்னத்தைக் கொடுத்துவிட்டால் அது பாதி நிச்சயதார்த்தம். அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒரு மெழுகுவர்த்தி கை மாறி வந்துகொண்டே இருக்கும். யார் ஊதி அணைக்கிறாளோ அவளுக்குத்தான் நிச்சயம். "அந்த ஒரு நிமிடம் மூச்சே விடமாட்டோம்" என்று சொல்லும்போது 80 வயதைத் தாண்டிய அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் அதே ஊரில் பையன்களுக்கு நோட்டும் கிடையாது, பூட்டும் கிடையாது. அப்பா அம்மா ஸ்தானத்தில் இருந்து கல்லூரி கண்டிக்கலாம் என்ற நிலை 1961-ல்தான் ஆட்டம் கண்டது. அலபாமாவில் நிறவெறிக்கு எதிராக உணவகத்தில் உட்கார்ந்து போராடிய கறுப்பின மாணவர்களை விசாரணையே இல்லாமல் கல்லூரி நீக்கியது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த பத்து வருடத்துக்குள் பெண்களுக்கான நேரக் கட்டுப்பாடு கல்லூரி கல்லூரியாகக் கழன்று விழுந்தது. வியட்நாம் போர்க் காலத்து மாணவர்களுக்கு இந்தச் சங்கங்களே பழைய பஞ்சாங்கமாகத் தெரிந்தன, உறுப்பினர்கள் குறைந்தார்கள். எண்பதுகளில் கூட்டம் மறுபடி சேர்ந்தது.

உங்கள் கணவர் பார்த்த பியர் கேன்களுக்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1984-ல் வந்த மத்தியச் சட்டத்தால், மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு விழுந்தது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. அதுவரை பல ஊர்களில் 18, 19 வயதுப் பிள்ளைகள் பாரில் எல்லோர் கண்ணெதிரே உட்கார்ந்து ஒரு பியர் குடிக்க முடிந்தது. அது நின்றது. குடி நிற்கவில்லை, கேள்வி கேட்க ஆளில்லாத தனியார் வீட்டுக்குப் போனது. சொராரிட்டி வீடுகளில் மது கூடாது என்று தேசியத் தலைமைகள் கண்டிப்பாக வைத்திருந்தன. அதனால் பார்ட்டி என்றாலே ஆண்கள் வீட்டில்தான். யாரை உள்ளே விடுவது, என்ன ஊற்றுவது, எந்த அறைக் கதவு பூட்டியிருப்பது எல்லாம் பையன்கள் கையில். பெண்களைக் காப்பாற்றப் போட்ட விதியே அவர்களை அடுத்தவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. எனக்கு இன்றுவரை ஆறாத ஆதங்கம் இது.

இப்போது எழுத்தில் எல்லாம் இறுகிவிட்டது. பெரும்பாலான தேசிய ஃபிரட்டர்னிட்டிகளின் கூட்டமைப்பு, 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவை வீட்டுக்குள் அனுமதிப்பதில்லை என்று 2018-ல் முடிவெடுத்து, 2019 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தது. பார்ட்டி என்றால் விருந்தினர் பட்டியல், கையில் பட்டை, வாசலில் காவலாள். சரி, அப்படியென்றால் குடி எங்கே போனது? ஆறேழு சீனியர் பையன்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டுக்குப் போனது. பார்ட்டிக்கு முன்பே அங்கே குடித்துவிட்டு வருவதற்கு 'பிரீகேம்' என்று பெயர். அந்த வீடு எந்தச் சங்கத்தின் பெயரிலும் இருக்காது. கணவர் பயப்படுவது நியாயமான பயம். ஆனால் பயப்பட வேண்டிய முகவரி மாறிவிட்டது.

ஹவுஸ் மதரின் நோட்டு இருந்த இடத்துக்கு இப்போது போன் வந்துவிட்டது. என் அலுவலகத்துக்கு வந்த ஒரு மாணவி தன் போன் மேப்பைக் காட்டினாள். அவளுடைய 'சிஸ்டர்'கள் பதினாலு பேர் பதினாலு புள்ளியாகத் தெரிந்தார்கள். ராத்திரி 2 மணிக்கு ஒரு புள்ளி மட்டும் தெரியாத தெருவில் அசையாமல் நின்றால் இரண்டு பேர் கிளம்பிப் போய்க் கூட்டிவருவார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக்கொடுத்து வந்த வழக்கம் இல்லை அது. அதே போன்தான் இன்னொரு பக்கம் பாடாய்ப் படுத்துகிறது. 2021 ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழகத்து ரஷ் டிக்டாக்கில் பரவியதில் இருந்து, என்ன உடுத்துகிறாள், எந்த வளையல் போடுகிறாள் என்பதெல்லாம் ஊர் பார்க்கும் விஷயமாகிவிட்டது. கணக்கை 'பிரைவேட்' ஆக்கிவிட்டு ரஷ் போகச் சொல்லுங்கள்.

புதிதாகச் சேருகிறவர்களைச் சீனியர்கள் வதைக்கும் ஹேசிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டதும், அடுத்த வருடம் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் உங்கள் கணவருக்கு நினைவிருக்கும். ஹேசிங் அதன் உறவுதான், ஆனால் ஒரு வித்தியாசம். ராகிங்கில் மாட்டுகிறவன் தப்பி ஓடப் பார்ப்பான். ஹேசிங்கில் மாட்டுகிறவன் உள்ளே சேர ஆசைப்பட்டவன். "நானாகத்தான் செய்தேன்" என்பான். 2017-ல் பென்சில்வேனியாவில் 19 வயதுப் பையன் ஒருவன் அப்படிக் குடிக்கவைக்கப்பட்டு, படியில் விழுந்து, பக்கத்தில் அத்தனை பேர் இருந்தும் கிட்டத்தட்ட 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்சைக் கூப்பிடாமல் உயிரை விட்டான். சொராரிட்டியில் மதுவைவிட அதிகம் நான் பார்த்தது வேலை வாங்குவது, தூங்கவிடாமல் வைப்பது, உடம்பைக் கேலி செய்வது, நள்ளிரவில் சீனியருக்குக் கார் ஓட்டச் சொல்வது. டெக்சஸ் சட்டப்படி பாதிக்கப்பட்டவர் சம்மதித்திருந்தாலும் அது குற்றம்தான். மகளுக்கு இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

நம் பெண்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று பலர் கேட்கத் தயங்குவதையும் பேசிவிடுவோம். வெள்ளையர் மட்டும்தான் என்று விதியிலேயே எழுதிவைத்திருந்த சங்கங்கள் இவற்றில் நிறைய. 1948-ல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் ஒரு சாப்டர் கறுப்பின மாணவரைச் சேர்த்ததற்காகத் தேசியத் தலைமை அந்தச் சாப்டரையே தள்ளிவைத்தது. அலபாமாவில் வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பினப் பெண்களைப் பரவலாகச் சேர்த்துக்கொள்ள 2013 வரை ஆனது, அதுவும் மாணவர் பத்திரிகை விஷயத்தை அம்பலப்படுத்திய பிறகு. வாசல் மூடியிருந்ததால் கறுப்பின மாணவர்கள் 1906 முதல் தங்களுக்கென்று தனியாகத் தொடங்கினார்கள். அவற்றில் ஒன்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அதில்தான் சேர்ந்தார். அந்த உறவு அவரோடு தேர்தல் மேடை வரை வந்தது. ஊரில் மாமியார் கேட்டால் சொல்ல இது நல்ல உதாரணம்.

தெற்காசியப் பிள்ளைகளும் அதே வழியில் போனார்கள். உங்கள் மகள் போகிற ஆஸ்டினிலேயே 1998-ல் கப்பா ஃபை காமா என்ற சொராரிட்டியும் டெல்டா எப்சிலன் சை என்ற ஃபிரட்டர்னிட்டியும் பிறந்தன. ஆள் குறைவு, செலவும் பொதுவாகக் குறைவு, பெரிய மாளிகை வீடு இருக்காது. தீபாவளிக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள். அம்மா பாட்டி உறுப்பினராக இருந்தால் பெண்ணுக்கு முன்னுரிமை என்ற வழக்கத்தையும் பல பெரிய சொராரிட்டிகள் 2020-க்குப் பிறகு விட்டுவிட்டன. நம்மைப் போல் முதல் தலைமுறைக் குடும்பங்களுக்கு அது நல்ல செய்தி.

அப்புறம் நடைமுறை. பெரிய சொராரிட்டிகளின் ரஷ் பல நாள் நடக்கும். முதலில் எல்லா வீட்டுக்கும் போவாள், நாளுக்கு நாள் எண்ணிக்கை குறையும், கடைசியில் இரண்டு வீடு, மறுநாள் 'பிட்' என்கிற அழைப்பு. கடைசிச் சுற்று முடிந்ததும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். இதைக் கவனியுங்கள். அதில் குறிப்பிட்ட வீட்டில் இருந்து பிட் வந்து, அவள் வேண்டாம் என்றால், பெரிய சொராரிட்டிகளின் தேசியக் கூட்டமைப்பைச் சேர்ந்த வேறு எந்தச் சொராரிட்டியிலும் அந்தக் கல்லூரியில் ஏறத்தாழ ஒரு வருடம் சேர முடியாது. மனசுக்குப் பிடிக்காத வீட்டின் பெயரை, வேறு வழியில்லை என்று எழுதிவிட வேண்டாம். எந்த வீட்டிலும் இடம் கிடைக்காமலும் போகலாம். அன்று ராத்திரி பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போனாலும் தப்பில்லை.

செலவு வீட்டுக்கு வீடு மாறும். டெக்சஸ் மாதிரி இடங்களில் வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் நுழைவுக் கட்டணமும் சேர்ந்து கூடுதலாக வரும். சந்தாவை மட்டும் கேட்டால் போதாது. சாப்பாடு அதில் அடக்கமா, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் உண்டா, டி-ஷர்ட், போட்டோ, பரிசுப் பொருள் என்று கையில் இருந்து எவ்வளவு போகும், இரண்டாம் வருடம் கட்டாயம் அந்த வீட்டில் தங்க வேண்டுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். அபார்ட்மென்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, பிறகு சொராரிட்டி வீட்டு வாடகையும் சேர்த்துக் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். சைவம் பெரிய பிரச்சினை இல்லை. வீடு வைத்திருக்கும் சொராரிட்டிகளில் பெரும்பாலும் சமையல்காரர் இருப்பார், முன்கூட்டிச் சொன்னால் செய்து வைப்பார்.

விசாரிக்க இரண்டு இடம் இருக்கிறது. டெக்சஸில் 2019-ல் திருத்திய சட்டப்படி, ஹேசிங் நடத்திய அமைப்புகளின் பட்டியலைப் பல்கலைக்கழகம் தன் தளத்தில் போட வேண்டும். 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டமும் எல்லா மாநிலத்திலும் அதே மாதிரி அறிக்கை கேட்கிறது. மகள் விரும்பும் வீட்டின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெண்கள் எந்த ஃபிரட்டர்னிட்டிகளோடு அடிக்கடி சேர்ந்து நிகழ்ச்சி நடத்துகிறார்கள் என்று கேட்டு, அந்தப் பெயர்களையும் தேடுங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இந்தத் தேடலைத்தான். இரண்டாவது இடம், சாப்டர் வாரியாக ஜி.பி.ஏ., அதாவது சராசரி மதிப்பெண். பல கல்லூரிகள் அதை ஒவ்வொரு செமஸ்டரும் வெளியிடுகின்றன.

பல சொராரிட்டிகள் அப்பாக்களுக்கென்று ஒரு வார இறுதி வைக்கும். மகள் சேர்ந்துவிட்டால், அம்மாக்களுக்கான நாள் வரட்டும் என்று இருக்காமல் முதலில் கணவரை அனுப்பிவையுங்கள். மேடை நிகழ்ச்சி ஓடட்டும். அவர் ஹவுஸ் டைரக்டரை, அதாவது இன்றைய ஹவுஸ் மதரைத் தேடிப் போய், ராத்திரி யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்கட்டும். சமையலறைப் பக்கமும் ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வரட்டும். வருடக்கணக்கில் அந்த வீட்டில் சமைக்கிறவருக்கு அங்கே இருக்கும் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் தெரியும்.