பணம் இருந்தால் ஃபார்முலா ஒன்னில் ஜெயித்துவிடலாமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

ப்ரான் ஜிபி அணியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரே ஒரு பவுனுக்கு கைமாறிய அணி அதே வருஷமே உலகச் சாம்பியன் ஆன கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எப்போதோ ஒரு முறை நடப்பது. மற்றபடி யாரிடம் பணமும் ஆளும் அதிகமோ அவர்கள் ஜெயிக்கிறார்கள், அவ்வளவுதானே? நம் எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸ் பணத்தைக் கொட்டியது, மெர்சிடிஸ் தொடர்ந்து எட்டு வருஷம் அணிப் பட்டத்தை வாங்கியது. டோனி ஃபெர்னாண்டஸ் ஆரம்பித்த நம் மலேசிய அணி ஐந்து வருஷம் ஓடியும் ஒரு புள்ளிகூட வாங்காமல் மூடிக்கொண்டது. நான் சிகாம்புட்டில் ஆறு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறேன். பெரிய கம்பெனிகளோடு டெண்டருக்குப் போய்த் தோற்றுத் தோற்று வந்தவன். அதனால் இந்த விளையாட்டில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. என் மகள் மட்டும் ஒரு பந்தயம் விடாமல் பார்க்கிறாள். "அப்பா, உங்களுக்கு விஷயம் புரியவில்லை" என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
கு., செந்தூல்

அன்புள்ள கு.,

பணம் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. பணம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். டொயோட்டாவைப் பாருங்கள். 2002 முதல் 2009 வரை எட்டு சீசன் ஓடினார்கள். ஜெர்மனியில் கொலோன் நகரில் பெரிய தொழிற்சாலை, சொந்த எஞ்சின், காரின் மேல் காற்றை ஓட்டிச் சோதிக்கிற சொந்த விண்ட் டனல் எல்லாம் இருந்தன. அந்தக் காலத்தில் மிக அதிகமாகச் செலவு செய்த அணிகளில் அதுவும் ஒன்று. ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. அவர்கள் முதல் மூன்று இடத்துக்குள் வந்து முதன்முதலில் மேடை ஏறியதே நம் செப்பாங் தடத்தில்தான், 2005இல் அவர்களுடைய ஓட்டுநர் யார்னோ ட்ரூலி இரண்டாவதாக வந்தபோது. அன்றைக்கு அடுத்தது வெற்றிதான் என்று எல்லோரும் நினைத்தோம். வரவே இல்லை.

2009ஐ இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அந்த வருஷம் விதிகளை அடியோடு மாற்றினார்கள். காரின் பின்பக்கம் அடியில் இருக்கும் டிஃப்யூசரைச் சிறிதாக்கச் சொன்னார்கள். காருக்கு அடியில் ஓடும் காற்றை வெளியேற்றி, வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிற பாகம் அது. விதியின் வாசகத்தில் இருந்த இடைவெளியைப் பயன்படுத்தி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வைக்கலாம் என்று மூன்று அணிகள் கண்டுபிடித்தன: ப்ரான், வில்லியம்ஸ், டொயோட்டா. ஆக டொயோட்டாவிடம் பணமும் இருந்தது, அந்த வருஷத்தின் மிகப் பெரிய உத்தியும் இருந்தது. பஹ்ரைனில் முதல் வரிசையின் இரண்டு இடமும் அவர்கள் கையில். பந்தயத்தின் நடுவில் கடினமான டயரைப் போட்டு வேகத்தைத் தொலைத்தார்கள். நான்காவது இடத்தில் புறப்பட்ட ப்ரான் ஓட்டுநர் ஜென்சன் பட்டன் ஜெயித்தார். அந்த சீசனில் பதினேழு பந்தயத்தில் எட்டு ப்ரானுக்கு. டொயோட்டா நவம்பரில் கடையைக் கட்டியது.

ஆனால் ப்ரானை ஏழை அணி என்று சொல்வதும் சரியில்லை. 2008 முடிவில் ஹோண்டா விலகியபோது, அதன் அணியை நடத்திவந்த ராஸ் ப்ரான் அந்த அணியை ஒரு பவுனுக்கு வாங்கினார் என்பது உண்மை. அந்த காரை வரைந்தது யார் பணம்? ஹோண்டா பணம். 2008 சீசனை ஏறக்குறைய கைகழுவிவிட்டு, அடுத்த வருஷ காருக்கே ஆட்களையும் நேரத்தையும் திருப்பியிருந்தார்கள். அதற்கு விலையாக அந்த வருஷம் மொத்தமே பதினான்கு புள்ளி, ஒன்பதாவது இடம். கடைசி நேரத்தில் மெர்சிடிஸ் எஞ்சின் கிடைத்தது. ஹோண்டா எஞ்சினுக்காக வடிவமைத்த சேஸியில், அதாவது காரின் உடற்கூட்டில், அது உட்காரவில்லை, அதனால் பின்பக்கத்தை வெட்டிப் பொருத்தினார்கள். நீங்கள் லேத் பிடித்தவர், இதைக் கேட்டால் உங்களுக்கே வயிறு கலங்கும். அப்படி ஒட்டுப்போட்ட வண்டியில் முதல் ஏழு பந்தயத்தில் ஆறை பட்டன் ஜெயித்தார். செப்பாங்கில் மழை கொட்டி, பாதியில் நிறுத்தி, பாதிப் புள்ளி கொடுத்தார்களே, அதுவும் அந்த ஆறில் ஒன்று.

அப்புறம் என்ன ஆனது? பட்டன் அந்த வருஷம் வேறு பந்தயமே ஜெயிக்கவில்லை. மிச்சமிருந்த பத்தில் அதே அணியின் இன்னொரு ஓட்டுநர் பாரிக்கெல்லோ இரண்டு ஜெயித்தார். காரைத் தொடர்ந்து மேம்படுத்தக் கையில் காசில்லை, ஆட்குறைப்பும் செய்தாகிவிட்டது. மற்ற அணிகள் வாராவாரம் புதிய பாகம் கொண்டுவந்து நெருங்கிக்கொண்டிருந்தன. முதல் ஏழில் சேர்த்த புள்ளிதான் காப்பாற்றியது. பணம் எதை வாங்கித் தருகிறது என்று கேட்டால் நான் இந்தச் சீசனைத்தான் காட்டுவேன். பணம் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கிற வாய்ப்பை வாங்கித் தருகிறது. பத்து வடிவம் செய்து ஒன்பதைத் தூக்கி எறியலாம். காசில்லாதவருக்கு இரண்டு வடிவம்தான், அதில் ஒன்று சரியாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பத்தில் எது சரி என்று பார்த்துச் சொல்லும் கண்ணைப் பணத்தால் வாங்க முடியாது. டொயோட்டாவிடம் இல்லாதது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

காசில்லாததன் இன்னொரு கஷ்டத்தை 2012இல் செப்பாங்கில் எல்லோரும் பார்த்தோம். செர்ஜியோ பெரெஸ் சாபர் அணியில் ஓட்டினார், சுவிட்சர்லாந்தின் சின்ன அணி. மழை வரும் என்று பார்த்து முதல் சுற்று முடிந்ததும் உள்ளே வந்து முழு மழை டயர் போட்டுக்கொண்டார். தைரியமான முடிவு, அது பலித்தது. கடைசிச் சுற்றுகளில் ஃபெராரியில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த அலோன்சோவை எட்டிப் பிடித்துவிட்டார். மேட்டுப் புல்தரையில் சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்ற நேரம் அது. அப்போது அணியிலிருந்து ரேடியோவில் சொன்னார்கள்: கவனம், இந்த இடம் நமக்கு வேண்டும். கொஞ்ச நேரத்தில் பதினான்காம் வளைவில் அகலமாகப் போய் வெள்ளைக் கோட்டைத் தாண்டினார். இரண்டு வினாடிச் சொச்சத்தில் இரண்டாவது இடம்.

அந்த ரேடியோச் செய்தியை இன்றும் பலர் திட்டுவார்கள். எனக்குத் திட்ட மனசு வரவில்லை. இரண்டாம் இடத்துக்குப் பதினெட்டுப் புள்ளி. சீசன் முடிவில் அணி எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்பத்தான் பரிசுப் பணத்தின் பங்கு. முயன்று பார்த்து மோதியிருந்தால் அந்தப் பங்கு குறைந்திருக்கும், பட்டறையில் சிலருக்குச் சம்பளம் கேள்விக்குறி ஆகியிருக்கும். ஃபெராரிக்கு அந்தப் பயம் இல்லை. சின்ன அணியின் வேகம் குறைவு என்று மட்டும் நாம் நினைக்கிறோம், கையில் வந்ததை இழந்துவிடக்கூடாது என்ற பயமும் அதோடு சேர்ந்து ஓடுகிறது. டெண்டருக்குப் போய் வந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்ரோனாஸ் விஷயத்துக்கு வருகிறேன். மெர்சிடிஸோடு பெட்ரோனாஸ் சேர்ந்தது 2010இல். முதல் இரண்டு வருஷம் ஒரு வெற்றியும் இல்லை. 2012இல் ஒன்று, 2013இல் மூன்று. எட்டு வருஷ ஆட்சி 2014இல்தான் தொடங்கியது, புது ஹைப்ரிட் எஞ்சின் விதி வந்தபோது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போவை இரண்டாகப் பிரித்து எஞ்சினின் இரு முனையிலும் வைத்த அவர்களுடைய வடிவமைப்பு மற்றவர்களைத் தூரத்தில் விட்டது. அதற்குப் பல வருஷம் முன்பே வேலையைத் தொடங்கப் பணம் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அதே 2014இல் அதே எஞ்சினை வாங்கிப் போட்ட மெக்லாரன் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. அது ஒன்றும் ஏழை அணி அல்ல.

டோனி ஃபெர்னாண்டஸ் லோட்டஸ் என்ற பெயரில் ஆரம்பித்த நம் அணியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். 2010இல் வந்த மூன்று புது அணிகளுக்கும் காட்டப்பட்ட ஆசை என்ன தெரியுமா? வருஷச் செலவு 4 கோடி பவுனுக்குள் என்ற வரம்பு. பெரிய அணிகள் தனித் தொடர் நடத்தப் போவதாக மிரட்ட, அந்த வரம்பு காற்றில் போனது. வரம்பை நம்பி வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒன்றான ஹெச்ஆர்டி 2012 முடிவில் மறைந்தது, கேட்டர்ஹாம் என்று பெயர் மாறிய நம் அணி 2014இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி அபுதாபியில் கடைசிப் பந்தயம் ஓட்டியது. இதில் நீங்கள் சொல்வது சரி, பணம்தான் கொன்றது. ஆனாலும் அவர்களோடு சேர்ந்து வந்த மூன்றாவது அணி, பிறகு மருசியா ஆனது, காசில் இவர்களைவிட மேலே இல்லை. அது 2014 மொனாக்கோவில் ஓட்டுநர் ஜூல் பியாங்கி மூலம் இரண்டு புள்ளி வாங்கிவிட்டது.

பணமே முழுசாகத் தீர்மானிக்கிற ஒரு இடம் உண்டு, எந்த ஊரில் பந்தயம் நடக்கும் என்பது. செப்பாங் பந்தயம் 1999இல் வந்தது, 2017 அக்டோபரோடு போய்விட்டது. செப்பாங்கின் அந்த நீண்ட நேர்பாதைகளைப் போல ஒரு தடம் இன்றும் குறைவு. எந்த ஓட்டுநராலும், எந்தப் பொறியாளராலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, உங்கள் மகள் சொல்ல வருவது இதைத்தான் என்று நினைக்கிறேன். 2021 முதல் செலவுக்கு வரம்பு உண்டு, அந்த வருஷம் 14.5 கோடி டாலர். ஓட்டுநர் சம்பளமும் வேறு சில செலவுகளும் அதில் சேராது. அதோடு இன்னொரு விதி: முதலிடம் பிடித்த அணிக்கு விண்ட் டனல் நேரம் குறைவு, கடைசி அணிக்கு அதிகம். ரெட் புல் 2021இல் வரம்பைத் தாண்டியபோது 70 லட்சம் டாலர் அபராதமும் விண்ட் டனல் நேரத்தில் பத்து சதவீத வெட்டும் கிடைத்தன. அபராதம் அவர்களுக்குப் பெரிசில்லை, அந்த நேரம் போனது பெரிசு.

இதற்குள் எழுந்து வந்தது மெக்லாரன். 2023 தொடக்கத்தில் பின்னால் தடுமாறிக்கொண்டிருந்த அணி, மெர்சிடிஸிடம் எஞ்சின் வாங்கி ஓடுகிற அணி, 2024இல் மெர்சிடிஸையும் மற்றவர்களையும் தாண்டி அணிப் பட்டம் வாங்கியது, 1998க்குப் பிறகு முதன்முறையாக. 2025இலும் வாங்கியது. இன்னொரு செய்தி: 2023இல் சொந்த விண்ட் டனல் தயாராகும்வரை பல வருஷம் மெக்லாரன் வாடகைக்குப் பயன்படுத்தியது கொலோனில் டொயோட்டா கட்டிய அதே விண்ட் டனலைத்தான்.

ஆள் எண்ணிக்கை பற்றிக் கேட்டீர்கள். வில்லியம்ஸில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் வௌல்ஸ் உள்ளே போய்ப் பார்த்தபோது, காரின் ஏறக்குறைய இருபதாயிரம் பாகங்களை ஒரு எக்செல் தாளில் எழுதி வைத்திருந்தார்கள். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எப்போது முடியும் என்று அதில் தெரியாது. ஒரு ஆள் ஆலைக்குள் நடந்து போய்த் தேட வேண்டும். அதன் விளைவை 2024 மெல்பர்னில் உலகமே பார்த்தது. வில்லியம்ஸ் ஓட்டுநர் ஆல்பன் பயிற்சியில் மோதினார், ஸ்பேர் சேஸி இல்லை. அணியின் இன்னொரு ஓட்டுநர் சார்ஜண்ட்டின் காரை வாங்கி ஆல்பனிடம் கொடுத்தார்கள், ஒரு தப்பும் செய்யாத சார்ஜண்ட் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார். ஆல்பன் பதினொன்றாவதாக வந்தார், புள்ளி இல்லை. அந்த வருஷம் ஒன்பதாவது இடம். அந்த எக்செல் தாளை ஒழித்து, வேலை செய்யும் முறையை மாற்றினார்கள். 2025இல் ஐந்தாவது.

அடுத்த பந்தயத்தை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் மூன்று பேரை டிவிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் ஐந்தாம் இடத்திலிருந்து பத்தாம் இடம் வரை பாருங்கள். எந்த அணி காரின் மூக்கில் மாட்டும் புது முன் இறக்கை கொண்டுவந்திருக்கிறது, அது ஒரு காருக்கா இரண்டு காருக்குமா என்று மகளிடம் கேளுங்கள். அவள் பதில் சொன்னதும், இரண்டாவது காருக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று அவளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.