தொங்கும் அட்டையை விடுங்கள், உள்ளே தைத்த லேபிளைப் படியுங்கள்

கே: நண்பர்களோடு பைக்கில் வெளியே போகும்போது ரைடிங் பேண்ட் (பைக் ஓட்டுபவர்களுக்கான பாதுகாப்புப் பேண்ட்) போட்டால் கேலி செய்கிறார்கள். நல்ல தடிமனான சாதாரண ஜீன்ஸ் போதாதா?

ப: போதாது. ஓடும் வண்டியிலிருந்து விழுந்து தார்ச்சாலையில் இழுபடும்போது காட்டன் ஜீன்ஸ் ஒரு நொடி தாக்குப்பிடிப்பதே கஷ்டம். பார்வைக்கு ஜீன்ஸாகவே இருக்கும் ரைடிங் ஜீன்ஸ் கிடைக்கிறது. முட்டியிலும் பின்பக்கத்திலும் மட்டும் உள்ளே கெவ்லார் போன்ற அராமிட் துணி (எளிதில் தேயாத வலுவான செயற்கை இழைத் துணி) வைத்துத் தைத்தது ஒரு வகை. வலுவான இழையை நூலோடு சேர்த்தே நெய்த ஒற்றை அடுக்குத் துணி இன்னொரு வகை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசப் போகிறவருக்கு இரண்டாவதுதான் சௌகரியம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு மட்டும் வாங்காதீர்கள். வண்டியில் உட்காருவதுபோல முட்டியை மடக்குங்கள். அப்போது உள்ளே இருக்கும் பேட் (அடியைத் தாங்கும் மெத்தை) சரியாக முட்டியின் மேல் வந்து உட்கார வேண்டும். பக்கவாட்டில் நழுவினால் அந்த ஜீன்ஸ் உங்களுக்கு இல்லை.

கே: பார்ட்டிக்குப் போய்ச் சேரும்போது முடி கலையாமல் இருக்க ஹெல்மெட்டை ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

ப: கூடாது. தளர்ந்த ஹெல்மெட் விபத்தில் தலையை விட்டுக் கழன்றுவிடும். சீப்பு எடுத்துப் போங்கள்.

கே: "சிஇ சான்று பெற்றது" (ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றது என்ற முத்திரை) என்ற விளம்பரத்தை நம்பி, விருந்துக்கும் போடலாமே என்று ஒரு ஜாக்கெட் வாங்கினேன். வந்தபின் பார்த்தால் தோள், முழங்கை பேடுகளில் மட்டும்தான் அந்த முத்திரை. ஜாக்கெட்டில் ஒன்றும் இல்லை. "அதுவும் சிஇ தானே" என்கிறார் விற்றவர்.

ப: உங்கள்மேல் தப்பில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அதுவும் தெரிந்தே. இந்த ஒரு தந்திரத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

பேடுக்கு ஒரு சான்று, ஜாக்கெட்டுக்கு வேறு சான்று. பேடைச் சோதிப்பது இஎன் 1621 என்ற ஐரோப்பியத் தரம்: அடி விழும்போது எவ்வளவு விசை உடம்புக்குப் போகிறது என்று அளக்கிறார்கள். கை, கால் பேடுகளில் முதல் நிலை என்றால் சராசரி 35 கிலோநியூட்டன் வரை போகலாம். இரண்டாம் நிலை என்றால் 20ஐத் தாண்டக் கூடாது. ஆடையைச் சோதிப்பது இஎன் 17092: துணி எவ்வளவு தேய்மானம் தாங்கும், தையல் பிரியுமா, கிழியுமா என்று பார்க்கிறார்கள். அதில் ஏஏஏ வகுப்பு என்றால் அதிகம் அடிபடும் பகுதிகள் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடான தேய்ப்பைத் தாங்க வேண்டும். ஏஏ வகுப்புக்கு 70, ஏ வகுப்புக்கு 45. நல்ல பேடை மட்டமான துணியில் வைத்தால், விழுந்தவுடன் தையல் பிரியும், பேட் ஒரு பக்கம் போகும், தோல் ஒரு பக்கம் போகும். அப்புறம் பேடுக்குச் சான்று இருந்து என்ன பயன்?

நான் வாங்கிய முதல் ஜாக்கெட்டிலும் இதேபோல்தான். "முதுகுப் பாதுகாப்பு உண்டு" என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்துப் பாக்கெட்டைத் திறந்தால் வெறும் ஸ்பாஞ்ச். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் சொல்கிறேன்: ஆடைக்குள் தைத்த லேபிளில் பைக் ஓட்டுபவர் படம், இஎன் 17092 என்ற எண், வகுப்பு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பேடுகளை வெளியே எடுத்து அவற்றின் முத்திரையைத் தனியாகப் பாருங்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள், அவர்கள் அதை மாற்றிவிடுவார்கள். ஜாக்கெட்டின் உட்புறத்தையும் படமெடுங்கள். அட்டை எதையும் கிழிக்காதீர்கள், போட்டு ஓட்டாதீர்கள். "விளம்பரத்தில் சொன்ன பொருள் வரவில்லை, பணம் வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். போனில் பேசிப் பயனில்லை. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் ஆட்சேபம் எழுப்புங்கள். மாற்றுப் பொருள் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கே: நான் முழுப் பாதுகாப்பு உடை போடுகிறேன். பின்சீட்டில் வரும் என் மனைவி விருந்து உடையில்தான் வருகிறார். அவருக்கும் வாங்க வேண்டுமா?

ப: இதைக் கேட்கவே வேண்டுமா? விழுந்தால் இருவரும் ஒரே ரோட்டில்தான் விழுவீர்கள். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஜிப் திறக்கும் ஓவர்பேண்ட் இருக்கிறது. உடைக்கு மேலேயே மாட்டலாம், போன இடத்தில் ஷூவைக் கூடக் கழற்றாமல் உருவிவிடலாம். ஷால், நீளமான ஸ்கார்ஃப் எல்லாம் பைக்குள் இருக்கட்டும். செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். இந்த மாதமே அவருக்கு வாங்குங்கள், உங்கள் அடுத்த ஜாக்கெட் காத்திருக்கலாம்.

கே: சாதாரணச் சட்டைக்கு உள்ளே போடும் ஆர்மர் வலைச்சட்டை (பேடுகள் வைத்த வலைத்துணிச் சட்டை) வாங்கினேன். இனி ஜாக்கெட் தேவையில்லைதானே?

ப: தேவை. அது இஎன் 17092-ல் சி வகுப்பு. பேடுகளை இடத்தில் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. தேய்மானத்துக்கு அது பொறுப்பில்லை. அதன்மேல் சான்றுள்ள ரைடிங் சட்டை ஒன்று போடுங்கள். பார்ப்பவர்களுக்குக் கட்டம்போட்ட சட்டையாகத்தான் தெரியும். ஃபேஷன் கடையின் "பைக்கர்" தோல் ஜாக்கெட் இதற்கு உதவாது. அப்படி ஒன்று என்னிடமும் இருந்தது. கையைத் தூக்கும்போதே அக்குளில் தையல் விட்டுப்போனது.

கே: ஸ்னீக்கர் மாதிரி இருக்கும் ரைடிங் ஷூ உண்மையில் பாதுகாப்பா, வெறும் பெயரா?

ப: பைக் ஷூவுக்கான இஎன் 13634 முத்திரை இருந்தால் பாதுகாப்பு. கணுக்கால் எலும்பை மூடுகிறதா என்று பாருங்கள். நாடாவின் நுனியைச் செருகி வைக்க இடம் இல்லாத ஷூ வேண்டாம், கியர் லீவரில் மாட்டும்.

கே: கெவ்லார் வைத்த ஜீன்ஸில் விருந்தில் குழம்பு கொட்டிவிட்டது. ப்ளீச் போடலாமா?

ப: வேண்டாம், ப்ளீச் அந்த இழையைக் கெடுக்கும். பேடுகளை எடுத்துவிட்டு, மிதமான சோப்பில் துவைத்து நிழலில் காய வையுங்கள். வெயிலும் கெவ்லாருக்கு ஆகாது.